எத்தனை பர்சன்டுக்கு இறக்கணும்?

பல்கலைக்கழகம் இருக்கும் எந்த ஊருக்குப் போனாலும் வாசலுக்கு எதிரே ஒரு கடை இருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், கோல்டு எம்பாசிங். சில வருடங்களாகக் கண்ணாடிக் கதவில் இன்னொரு வரியும் ஒட்டியிருக்கிறார்கள்: ‘பிளேஜரிசம் குறைத்துத் தரப்படும்.’ உள்ளே போகும் ஆய்வு மாணவரிடம் கடைக்காரர் துறையைக் கேட்பதில்லை, தலைப்பைக் கேட்பதில்லை.

“இப்ப எவ்வளவு இருக்கு சார்?”

“அம்பத்திரண்டு.”

“எத்தனைக்கு இறக்கணும்?”

“பத்துக்குள்ள வந்தாப் போதும்ணே.”

“வியாழக்கிழமை வாங்க. ரிப்போர்ட்டோட குடுத்துடறேன்.”

ஆய்வு மாணவரின் வாக்கியங்களில் கை வைக்கும் ஒரே மனிதர் இவர்தான். இவருக்குக் கல்லூரிகளைத் தரம்பிரிக்கும் நாக் குழுவை அனுப்பி ஏ பிளஸ் பிளஸ் கொடுத்துவிடலாம். குறைந்தபட்சம் சொன்ன தேதிக்கு வேலை முடிகிறது.

கடைக்காரருக்கு இந்தத் தொழிலை அமைத்துக் கொடுத்தது பல்கலைக்கழக மானியக் குழு. 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க அது கொண்டுவந்த ஒழுங்குமுறையில் எல்லாம் சதவீதக் கணக்கு. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பொதுவான செய்தியோ தற்செயலோ என்றால் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஒத்துப்போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் இருக்கிறது. அதைப் படித்த நம் ஆட்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: பதினைந்தாவது சொல்லை மாற்று.

அதே ஒழுங்குமுறை, மேற்கோள் காட்டும் முறையை மாணவருக்குக் கற்றுக்கொடு, பருவந்தோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்து என்றும் சொல்கிறது. நடத்துகிறார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, பேனர் முன்னால் குழுப்படம், மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். 2019-இல் ஆய்வு நெறிமுறைக்கென்று 30 மணி நேரம், 2 கிரெடிட் என்று ஒரு பாடத்தையே கட்டாயமாக்கினார்கள். அதற்கும் பரீட்சை உண்டு. பரீட்சைக்கு முந்தின நாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வரும். திருடக்கூடாது என்ற பாடத்தை அதிலிருந்து அப்படியே எழுதித் தேறுவார்கள்.

சரி, கடையில் அந்த 52 எப்படி 9 ஆகிறது? பத்தியை அப்படியே எடுத்து மென்பொருளில் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல்லை வைத்துத் துப்பும். இந்தக் கைவரிசை உலகம் முழுக்க நடக்கிறது. கபனாக், லாபே, மகஸினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2021-இல் இதைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். அச்சேறிய அறிவியல் கட்டுரைகளில் ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. ‘பிக் டேட்டா’ என்பது ‘கொலாசல் இன்ஃபர்மேஷன்’. மார்பகப் புற்றுநோய்க்கு ‘பூஸம் பெரில்’. ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கும் நோயின் பெயரைக்கூட மாற்றியிருக்கிறார்கள், எதற்கு? மென்பொருள் கண்டுபிடிக்காமல் இருக்க. எழுதியவர் படிக்கவில்லை, நெறியாளர் படிக்கவில்லை, இதழாசிரியர் படிக்கவில்லை.

தமிழில் ஆய்வேடு எழுதுபவருக்கு இவ்வளவு சிரமமும் இல்லை. இணையத்தில் யூனிகோடில் கிடக்கும் கட்டுரையைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. மென்பொருளின் கண்ணுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எதனோடு ஒப்பிடும்? பூஜ்ஜியம் சதவீதம்! முழுக்க முழுக்கச் சொந்தச் சரக்கு என்று சான்றிதழ் வரும்.

இதைப் படித்துவிட்டு ‘இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்’ என்று உச்சுக் கொட்டும் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பையன் எங்கே எழுதப் பழகினான்? பள்ளியில் நோட்ஸில் இருக்கும் வரி மாறினால் மதிப்பெண் குறைத்தோம். கட்டுரை என்றால் முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை, அடிக்கோடு போட ஸ்கெட்ச் பேனா. கூடுதல் தாள் எத்தனை வாங்கினான் என்பதை வைத்து அறிவை எடை போட்டோம். கல்லூரியில் அசைன்மென்ட் என்றால் சீனியர் நோட்டைப் பார்த்து எழுது, சீக்கிரம் வை. பன்னிரண்டு வருடம், பிறகு ஐந்து வருடம், காப்பியடிப்பதுதான் படிப்பு என்று பழக்கிவிட்டு, பிஎச்.டி. பதிவு செய்த மறுநாள் ‘காப்பியடிக்காதே, சொந்தமாக எழுது’ என்கிறோம். எதை வைத்து எழுதுவான்?

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு பெண், தான் பார்த்ததைத் தன் மொழியில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போகிறாள் என்று வையுங்கள். ஊர்க் கண்மாய் பற்றி, நேரில் கேட்டு எழுதியது. நெறியாளர் முதல் பக்கத்தின் ஓரத்தில் ‘ரெஃபரன்ஸ்?’ என்று சிவப்பு மையில் போட்டுத் திருப்பித் தருவார். “இதெல்லாம் கதைம்மா. நாலு பேர் சொன்னதைச் சேர்த்துக் கொண்டா.” அவள் கொண்டுவருவாள். அடுத்த முறை 52 சதவீதம் வந்ததும் திட்டுபவரும் அதே நெறியாளர்தான்.

அவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. அவருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். அதற்கென்றே இதழ்கள் முளைத்தன: பணம் கட்டு, வாரத்தில் அச்சு. மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் தூக்கியது. அவற்றை முதலில் பட்டியலில் வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ‘கேர்’ என்று புதுப் பட்டியல் வந்தது. 2025-இல் அதையும் கைவிட்டார்கள். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-இலேயே எடுத்தாயிற்று. விதி வரும், விதி போகும். நாலு பக்கம் கோவையாக எழுத யார் கற்றுக்கொடுப்பது என்ற இடம் மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் நிரம்பவே இல்லை.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டதாம். எழுத்துத் திறன் அழிந்துவிடும் என்று கருத்தரங்கில் கவலைப்படுகிறார்கள். இருந்தால்தானே அழிவதற்கு?

ஒற்றுமைச் சான்றிதழை ஆய்வேட்டோடு இணைக்கச் சொல்கிறீர்கள் அல்லவா? அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். மாணவரின் முதல் வரைவில் ஏதாவது ஒரு அத்தியாயம், நெறியாளர் தன் கைப்பட வரிக்கு வரி திருத்தியது, தேதியோடு. ஒரே ஒரு அத்தியாயம் போதும். அது இல்லாமல் வைவா கிடையாது என்று நாளைக்கே உத்தரவு போடுங்கள். அந்த வருடம் எத்தனை பேர் பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.