உயர்கோபுர விளக்கும் அமைச்சர் விடையும்: ஆர்.கே.பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

‘மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்ற வாக்கியத்தைக் கேட்டு, ஆர்.கே.பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர் ஒரு மாதிரி சிரிக்கிறார். புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருப்பவர் வேறு மாதிரி சிரிக்கிறார். இரண்டு சிரிப்புக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இருக்கிறது. அந்தத் தூரத்தில் நடப்பது என்ன என்பதே இவ்வாய்வின் பொருள். அமைச்சர் விடை சொன்னாரா இல்லையா என்பது பற்றி ஏற்கெனவே ஏராளமானவர்கள் கத்தியிருப்பதால், அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஆய்வுக் களம். ஆர்.கே.பேட்டையின் முழுப்பெயர் இராமகிருஷ்ணராஜுபேட்டை. அதை முழுதாகச் சொல்லிக் கேள்வி கேட்டால் கேள்வி நேரத்தில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும் என்பதாலோ என்னவோ, ஊரே தன்னைச் சுருக்கிக்கொண்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் இதுவும் ஒன்று, வட்டத் தலைமையிடமும்கூட. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச்சத்தம். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. இதே மாவட்டத்தின் மறுகோடியான கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் கேள்விகளில் சிப்காட், கம்பெனி, புகை, கழிவுநீர் என்று பெரிய பெரிய விஷயங்கள் இருக்கும். மேற்குக் கோடியிலிருந்து கிளம்புபவை பஸ், குழாய், டாக்டர், லைட் என்று இருக்கும். தூய ஆய்வுக்கு இரண்டாவது வகையே உகந்தது. லைட் எரிகிறதா இல்லையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு.

இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கேள்வி எங்கே போய் விழும் என்பது இவ்வூர்க்காரர்களுக்கு ஒருகாலத்தில் நிச்சயமில்லாமல் இருந்தது. ஆர்.கே.பேட்டையும் சேர்ந்த திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து கிடந்தது. 1953 அக்டோபர் 1-க்கு முன் கேள்வி சென்னைக்குப் போக வேண்டும். அன்று ஆந்திரம் பிரிந்ததும் கர்னூலுக்குப் போக வேண்டும். 1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் ஐதராபாத்துக்கு. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பு, அதையொட்டி வந்த 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் சென்னைக்கு. ஏழாண்டுக்குள் மூன்று தலைநகர். ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பிறகு பள்ளிப்பட்டு என்ற சட்டமன்றத் தொகுதியும் 2008 மறுவரையறையில் காணாமல் போனது. இத்தனைக்கும் பிறகும் கேள்வி கேட்கும் ஆசை குறையாத மக்களை ஆராயாமல் வேறு யாரை ஆராய்வது?

முன்னோர் ஆய்வுக்கு வருவோம். ஆட்சியில் இருப்பவரை அவையில் எழுந்து கேள்வி கேட்கும் வழக்கத்தின் முதல் பதிவு 1721-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையில் கிடைக்கிறது. தென்கடல் கம்பெனி மோசடியில் தப்பி ஓடிய காசாளர் ராபர்ட் நைட் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டாராமே, உண்மையா என்று கௌப்பர் பிரபு கேட்டார். உண்மைதான் என்றார் சண்டர்லாந்து பிரபு. அதன் பிறகு அந்த நைட் ஆன்ட்வெர்ப் கோட்டைச் சிறையிலிருந்தும் தப்பிவிட்டார். விடை சொன்ன நிமிடத்தில் உண்மையாக இருந்தால் போதும், மறுமாதம் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அமைச்சர் விடையியலின் முதல் விதி இப்படி முதல் விடையிலேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது.

இந்தியாவில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. 1893 பிப்ரவரியில் முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா ராஜா. ராஜா என்றதும் யானை, மானியம், பட்டம் என்று நினைக்க வேண்டாம். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுத்தே கிராமத்து மளிகைக்கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டார். ஆகவே நம் நாட்டில் உள்ளூர்க் குறை என்பது கேள்வி நேரத்தின் மூத்த பிள்ளை. கொள்கை, தத்துவம் எல்லாம் அதன் பின் பிறந்தவை. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-க்குப் பிறகுதான் வந்தது. அதுவரை அரசு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

இனி சோதனை. இதற்காகவே ஒரு கற்பனை வினாவைத் தயாரித்தோம்: “ஆர்.கே.பேட்டை பேருந்து நிலையம் அருகே உள்ள உயர்கோபுர மின்விளக்கு எரிய அரசு ஆவன செய்யுமா? ஆம் எனில், எப்போது?” எளிய வினா போலத் தோன்றும். ஆனால் அந்தக் கம்பத்தின் அடியில் மூன்று அமைச்சர்கள் நிற்கிறார்கள். ஊராட்சித் தெருவிளக்கு என்றால் ஊரக வளர்ச்சித் துறை. கம்பம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தால் நெடுஞ்சாலைத் துறை. கம்பிக்குள் கரண்டு வரவில்லை என்றால் மின்துறை. பஸ் இருட்டில் நிற்காமல் போகிறது என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டால் நான்காவதாகப் போக்குவரத்துத் துறையும் வந்துவிடும். எனவே கேள்வி எழுதுகிறவர் ஒரே ஓர் இருட்டைத்தான் சொல்ல வேண்டும்.

வினா பேரவைச் செயலகத்தில் அனுமதி பெற்று, தலைமைச் செயலகத்தில் துறைக்குப் போகிறது. துறையிலிருந்து இயக்ககம். அங்கிருந்து திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். அங்கிருந்து ஒன்றிய அலுவலகம். ஒவ்வொரு படியிலும் ஒரு ந.க.எண் சேர்கிறது, ‘அவசரம்’ என்பது ‘மிக அவசரம்’ ஆகி, கடைசியில் ‘மிக மிக அவசரம் – சட்டமன்றக் கேள்வி – தனி நபர் மூலம்’ என்று முதிர்கிறது. அரசு அலுவலகங்களில் இதற்கு எல்.ஏ.க்யூ. என்று பெயர். “எல்.ஏ.க்யூ. வந்திருக்கு” என்று யாராவது சொன்னால், டீ குடிக்கக் கிளம்பியவர் திரும்பி வந்து உட்காருவார். வாரிசுச் சான்றுக்கு வந்தவரிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் அதே மேசை, எல்.ஏ.க்யூ.வுக்கு மட்டும் இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்பிவிடும்.

வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். அமைச்சர் அவையில் எழுந்து வாசிக்கப்போகும் விடையின் முதல் வரைவை எழுதுபவர் அந்த ஊரிலேயே இருக்கும் ஓர் உதவியாளர். ஓவர்சியர் டூவீலரில் போய் அண்ணாந்து பார்க்கிறார். எட்டு விளக்கில் எத்தனை எரிகிறது என்று எண்ணுகிறார். செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அப்புறம் அந்தத் தகவல் ஏறத் தொடங்குகிறது. ஏற ஏற இளைக்கிறது. ‘டைமர் பழுது, ரெண்டு பல்பு இல்லை’ என்பது ‘சிறு பழுது’ ஆகி, ‘பராமரிப்புப் பணி’ ஆகி, ‘உரிய நடவடிக்கை’ ஆகிக் கோட்டையை அடைகிறது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரருக்கு இது உடனே புரியும்: பாவு ஏற்கெனவே பூட்டித் தயாராக இருக்கிறது, ஊடைநூல்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கூடவே துணைக் கேள்விக்கான குறிப்பு என்று ஒரு கட்டுக் காகிதமும் போகும். மாவட்டத்தில் மொத்தம் எத்தனை கம்பம், எந்தத் திட்டத்தில் நட்டது, மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று யாருமே கேட்கப்போகாத அத்தனை விவரமும் அதில் இருக்கும். அரசாங்கத்தில் மிகத் தரமான எழுத்து இந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் சொந்தக் கருத்து. ஒருவரும் வாசிப்பதில்லை.

விடைகளின் படிநிலையைப் பொறுத்தவரை நாட்டு மக்கள் பெரும் குழப்பத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘செய்ய மாட்டாங்க’ என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். இது அறிவியலுக்கு ஒவ்வாது. அடிமட்டத்தில் இருப்பது ‘இல்லை, எனவே இரண்டாம் வினா எழவில்லை’ என்பது. கசப்பானாலும் இதைப் போல நேர்மையான விடை வேறில்லை. அதற்கு மேல் ‘கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை’. இதன் பொருள், யாராவது ஒரு கருத்துருவை அனுப்பித் தொலையுங்கள் என்பது. விவரம் தெரிந்த உறுப்பினர் மறுநாளே மனுவோடு போய் நிற்பார். ‘விதிமுறைகளில் இடமில்லை’ என்பது தனி இனம். ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டால் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கைக் காட்டுவார்கள். இதற்கு எதிராக ஊர் செய்யக்கூடியது பிள்ளை பெறுவது மட்டுமே. ‘நிதிநிலைக்கேற்ப’ என்பதில் பந்து நிதித் துறைக்குப் போய்விடுகிறது, அந்தத் துறை அன்றைக்கு விடை சொல்லும் முறையில் இருப்பதில்லை. ‘சாத்தியக்கூறுகள் ஆராயப்படும்’, ‘முன்னுரிமை அடிப்படையில்’ என்று படியேறிப் போனால் உச்சியில் ‘ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது’ என்ற பனிச்சிகரம் தெரியும். அங்கே ஏறிய விடைகள் உண்டு. பக்கத்து சோளிங்கரில் 1,305 படி ஏறி நரசிம்மரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல காலம் கேட்ட ரோப் கார், 2024-இல் ஓடத் தொடங்கியதல்லவா?

துணைக் கேள்வி பற்றி ஒரு சொல். ஆர்.கே.பேட்டை விளக்கைப் பற்றிய விடை முடிந்ததும் எழுகிற உறுப்பினர், முதலில் தலைவர்களை வணங்குவார், தொகுதி மக்களை வணங்குவார், கேள்விக்கு வாங்க என்று பேரவைத் தலைவர் நினைவூட்டுவார். வந்து பார்த்தால் அது திருநெல்வேலிப் பக்கத்து விளக்காக இருக்கும். அடுத்தவர் தன் ஊர்க் கழிப்பறையைக் கேட்பார். 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கிய பிறகு வணக்கங்கள் குறைந்தனவா கூடினவா என்பது தனி ஆய்வுக்குரியது. உறுப்பினர்கள் கேட்கும் மருத்துவமனைகள் பற்றியும் நிறைய எழுதலாம். 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் திறந்த புதிய சட்டமன்றக் கட்டடம் 2014-இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. மருத்துவமனை கேட்டவர்களுக்குத் தன் கூரையையே எடுத்துக் கொடுத்த அவை உலகில் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

அமைச்சர் வாக்கை யாரும் கணக்கு வைப்பதில்லை என்பது பாமர நம்பிக்கை. உண்மையில் அதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் அது 1953 டிசம்பரிலேயே அமைந்துவிட்டது. எந்தெந்தத் தொடர்கள் வாக்குறுதியாகக் கொள்ளப்படும் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சொற்றொடர்களைப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்து வருகிறோம்’, ‘கவனிக்கிறேன்’ எல்லாம் அதில் அடக்கம். சொன்ன மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும். டீக்கடையில் நாம் வெறும் காற்று என்று ஊதித் தள்ளிய சொற்களை நாடாளுமன்றம் வரிசை எண் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது! தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு குழு உண்டு. பதினாறாவது சட்டமன்றத்தில் பண்ருட்டி உறுப்பினர் தி. வேல்முருகன் அதன் தலைவராக இருந்தார். குழு மாவட்டம் மாவட்டமாகப் போய், சொன்ன பாலம் எங்கே, கட்டடம் எங்கே என்று பார்க்கும். குழு வரும் தேதி தெரிந்தால் சில இடங்களில் வெள்ளையடிப்பதும் நடக்கும். அதுவும் ஒரு பொதுச்சேவைதான்.

இதிலிருந்துதான் நம் மையக் கருதுகோள் பிறந்தது. எல்.ஏ.க்யூ. ஒன்றிய அலுவலகத்தை அடையும் நாளுக்கும், அமைச்சர் விடை வாசிக்கும் நாளுக்கும் இடையில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ‘எரியவில்லை’ என்று அறிக்கை அனுப்ப எந்த உதவியாளருக்கும் மனம் வராது. ஏன் எரியவில்லை என்று அடுத்த ஓலை வரும். எனவே அறிக்கை கிளம்புவதற்கு முன் எலக்ட்ரீஷியன் கிளம்புகிறார். ‘மேற்படி மின்விளக்கு தற்போது நல்ல நிலையில் இயங்கி வருகிறது’ என்று எழுதும்போது அது உண்மையிலேயே இயங்கி வருகிறது. வேலையைச் செய்து முடிப்பது கேள்விதான். விடை அதன் பின்னால் வந்து பெயர் வாங்கிக்கொள்கிறது. அவையில் விடை வாசித்த பிறகு விளக்கின் மேல் யாருக்கும் அக்கறை இல்லை. ராபர்ட் நைட் தப்பியது போல அதுவும் மெல்ல அணைந்து போகலாம்.

இந்தக் கருதுகோளை மதிப்பீட்டுக்காக ஒரு டீக்கடையில் சமர்ப்பித்தோம். மாஸ்டர் பாய்லரைத் துடைத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப பதிலே வேணாம் சார். மாசத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கினே இருக்கச் சொல்லுங்க.”

நடைமுறையில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. ஏற்கெனவே விடை சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்கின்றன மக்களவை விதிகள். சட்டமன்றத்திலும் அதே கேள்வியை மாதாமாதம் நீட்டினால் அனுமதி கிடைக்காது. எனவே நம் பரிந்துரை இது: முதலில் பல்பைப் பற்றிக் கேட்பது, அடுத்த கூட்டத்தொடரில் டைமரை, அதற்கடுத்து கம்பத்துத் துருவை, பிறகு விளக்கை இறக்கி ஏற்றும் வின்ச்சை. வின்ச் முடிவதற்குள் பல்பு மறுபடியும் புதுக் கேள்விக்குத் தகுதி பெற்றிருக்கும்.