முழங்காற்சில்லும் முழுநேரக் காவலும்

பொமரேனியன், சிவாவா போன்ற சிறுவகை நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் முழங்காற்சில்லு விலகல், அதாவது தொடையெலும்பின் பள்ளத்தில் மேலும் கீழுமாக நகர வேண்டிய சிறு எலும்பு பெரும்பாலும் உட்பக்கமாக நழுவிவிடும் குறை, 4 படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவர் அறுவை சிகிச்சையில் அப்பள்ளத்தை ஆழப்படுத்தி, தேவைப்பட்டால் தசைநாண் பற்றும் எலும்பு முனையையும் இடம் மாற்றிப் பொருத்தி, தம் கடமையை முடித்துக்கொள்ள, எஞ்சிய 6 முதல் 8 வாரங்கள் வீட்டாரின் தலையில் விழுகின்றன. கூண்டு ஓய்வு என்பது குதிக்கவும் ஓடவும் படியேறவும் விடாமல் நாயைச் சிறு அடைப்புக்குள் வைத்திருத்தலைக் குறிக்குமெனினும், நடைமுறையில் ஓய்வு நாய்க்கும் கூண்டு வீட்டாருக்கும் வாய்ப்பதே பெருவழக்கு. வழுக்கும் தரையெங்கும் பாய் விரிக்கப்படுகிறது. தையலை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டப்படும் கூம்புப் பட்டையோ நாற்காலிக் கால்களையும் மனிதரின் கெண்டைக்கால்களையும் பாரபட்சமின்றி இடிக்கிறது. வலிமருந்து நன்கு வேலை செய்யும் நாள்களே ஆபத்தானவை; ஏனெனில், தான் குணமடைந்துவிட்டதாகத் தீர்மானிக்கும் நாய் எவரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. (இரக்கம் மேலிட்டுத் தம் மாத்திரைப் பெட்டியைத் திறப்போர் உண்டு; ஆனால், மனிதர் விழுங்கும் ஐபுப்ரோஃபன் நாய்க்கு நஞ்சு.) இடம் மாற்றிய எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டும்வரை, சோபா மனிதருக்கு மட்டுமே உரியது.