ஒரே கட்டளையாம்ல!

வாடே பேராண்டி. ஆபீஸ்ல இருக்கிற கையேடு மொத்தத்தையும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்ல இருந்து மார்க்டவுனுக்கு இந்த ஞாயித்துக்கிழமையே மாத்திருவியாக்கும்? "பேண்டாக்ல ஒரே கட்டளை தாத்தா"ன்னு சொல்லும்போது மீசை துடிக்குது பாரு. நல்லாருடே.

பேண்டாக்கை நான் குறை சொல்லமாட்டேன். பெர்க்லியில தத்துவம் நடத்துற ஜான் மெக்ஃபார்லேன் 2006-ல வெளியிட்டது. விவரமான வாத்தியாரு. நீ எந்த வடிவத்துல கொடுத்தாலும் அந்தக் கருவி முதல்ல அதைப் பிரிச்சு, தலைப்பு, பத்தி, பட்டியல்னு நடுவுல ஒரு மரமா அடுக்கிக்கிடும். அங்கேருந்துதான் நீ கேட்ட வடிவத்துக்கு எழுதும். மரத்துல இடம் கிடைக்காதது வழியிலேயே இறங்கிக்கிடும். அப்படி நடக்கும்னு அவங்க கையேட்டுலயே இருக்கு. நீ எதுக்குப் படிக்கணும், கையிலதான் கட்டளை இருக்கே!

மாத்தினதும் ஒரு கோப்பைத் திறந்து பாரு. 'நிறுவும் முறையைப் பார்க்க'ன்னு கையேடு கட்டுற ஸ்பிங்க்ஸ் கருவியோட 'ரெஃப்' போட்டு இணைப்புக் கொடுத்திருப்பே. இப்ப அது 'இன்டர்பிரட்டட்-டெக்ஸ்ட்'னு நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு நிக்கும். அமுக்கினா எங்கயும் போகாது. ரெஃபு ஸ்பிங்க்ஸ் வீட்டுச் சரக்கு, பேண்டாக்குக்கு அது இன்னார்னு தெரியாது. பக்கங்களை வரிசை கட்டுற 'டாக்ட்ரீ'க்கும் இதே கதிதான். ரெண்டு கட்டத்தைச் சேர்த்த அட்டவணையா? கிட்ஹப் மார்க்டவுனோட சொந்த அட்டவணைமுறையில கட்டம் சேர்க்க வழியே கிடையாது. ஜான் க்ரூபர் 2004-ல மார்க்டவுனை விட்டப்ப அதுல அட்டவணையே இல்லடே.

லினக்ஸ் கெர்னல்காரங்க 2016-ல டாக்புக்ங்கிற பழைய வடிவத்தை விட்டுட்டு ஸ்பிங்க்ஸுக்கு நடையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. அம்புட்டுப் பெரிய மூளைக்காரங்க, அவங்களுக்கே வருஷக்கணக்கா இழுத்துச்சு. உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தாராளம். மத்தியானம் ஒரு தூக்கமும் போடலாம்.

எழுத வர்ற பயலுக்கெல்லாம் மார்க்டவுன்தான் தெரியும்ங்கே. நியாயந்தான். 'மிஸ்ட்'டுன்னு ஒரு மார்க்டவுன் வகை இருக்கு, ஸ்பிங்க்ஸுக்குள்ளயே ஓடும், ரெஃபு, டாக்ட்ரீ ரெண்டும் அதுக்குப் பழக்கம். ஆனா அதைச் சொன்னா உன் வீரம் வீணாப்போயிரும். அதனால நான் சொல்லல.

இன்னொண்ணு. அமைப்புப் பக்கத்துல 'மேலே உள்ள நீலப் பொத்தானை அமுக்கவும்'னு எழுதியிருக்கே, அந்தப் பொத்தானைத்தான் போன பதிப்புலயே தூக்கிட்டீங்களாமே? அதையும் விடாம மாத்திரு. பொய்யும் புது வேட்டி கட்டிக்கிட்டு நாலு பேரு முன்னால நிக்கட்டும்.

மேனேஜர்கிட்ட 'முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டு, பழைய கோப்பு எல்லாத்தையும் உடனே அழிச்சிரு. ஒப்பிட்டுப் பாக்க ஆதாரம் இருந்தாத்தானே எவனும் கேள்வி கேப்பான்?

என்னடே முழிக்கே? சரி, அழிக்கிறதுக்கு முந்தி மாத்தின கோப்பு அத்தனையிலயும் அந்த 'இன்டர்பிரட்டட்-டெக்ஸ்ட்'டைத் தேடி, எத்தனை வருதுன்னு எண்ணிச் சொல்லு. அதுக்குத் தக்கன, உங்க ஆத்தாகிட்ட ராத்திரிக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுதேன்.