செவன் டென் சார்

அவர் உங்கள் புது ஃப்ளாட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கும் உங்களுக்கு ஓர் அரைச் சிரிப்புதான் கிடைக்கும். முழுப் பார்வையும் ஷூ ரேக்குக்கு. கொண்டுவந்த பழத் தட்டை மனைவி கையில் திணித்துவிட்டு, நடுவிரல் முட்டியால் ரேக்கின் பக்கப் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். காதைச் சாய்ப்பார். இன்னொரு தட்டு. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

"எம்.ஆர்.தானே?"

கிருகப்பிரவேசப் பரபரப்பில் ஏதோ ஞாபகமாக "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். எம்.ஆர். என்பது காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் ப்ளைவுட். தண்ணீர் பட்டால் ஊதிவிடும். "பரவாயில்ல, செருப்புதானே வைக்கப்போறீங்க" என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததை விசாரிக்கும் பாவனையில் கேட்பார்: "கிச்சன்லயாவது செவன் டென் போட்டீங்களா?"

ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண். கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அடுக்குகள் பசை விட்டுப் பிரியக் கூடாது, அதுதான் பரீட்சை. படகு கட்டத் தகுந்த சரக்கு. நம்முடைய சார் அதைப் பூஜை அலமாரி வரைக்கும் போட்டிருக்கிறார். வேளச்சேரியில் தரைத்தளம் என்றால் 2015 வெள்ளத்தை நினைத்துச் சரி என்று விட்டுவிடலாம். இவர் இருப்பது ஒன்பதாவது மாடி.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு செவன் டென் சார் இருந்தே தீருவார். பெரும்பாலும் வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ இருந்து ஓய்வு பெற்றவர். சில இடங்களில் ஐ.டி.யில் மேனேஜர், வயது நாற்பத்தைந்து. சாவி கைக்கு வரும்வரை தேக்குக்கும் வேம்புக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவி. ஒரே ஒரு முறை வீட்டுக்கு மர வேலை செய்து முடித்தார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். அறுபது வயதுக்கு மேல் தீட்சை வாங்கிக்கொள்கிறவர்கள்கூட இவ்வளவு மாறுவதில்லை.

எல்லாம் கொட்டேஷனில் ஆரம்பித்தது. மர வேலைக்குச் சதுர அடிக் கணக்கு. அலமாரியின் முன்பக்க நீளத்தை உயரத்தால் பெருக்கி, ரேட்டால் பெருக்க வேண்டும். அடியில் இருக்கும் ஸ்கர்ட்டிங் பலகையை உயரத்தில் சேர்ப்பதா வேண்டாமா, லாஃப்ட்டுக்கு வெறும் கதவுதானே, அதற்கும் அதே ரேட்டா என்பதெல்லாம் ஆசாரியும் வீட்டுக்காரரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள். சார் தன் சொந்த டேப்போடு வந்து உட்கார்ந்தார். இதே மனிதர்தான் பில்டரிடம் சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்ற பெயரில் லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் சேர்த்துப் பணம் கட்டியபோது, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். அங்கே போன பல லட்சத்துக்கு இங்கே பீரோவின் அடிப்பலகையில் நான்கு அங்குலத்தைப் பிடித்து ஒரு மாலை முழுக்க வாதாடி ஜெயித்தார். அந்த வெற்றியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்து சைடன்ஹாம்ஸ் ரோடு. ப்ளைவுட் வாங்க அங்கே போய் வந்ததிலிருந்து அவருடைய இந்திய வரைபடமே வேறு. பெரும்பாவூர் என்றால் ரப்பர் மர ப்ளைவுட். யமுனா நகர் என்றால் பாப்ளர். நிலம்பூர் என்றால் தேக்கு. வெள்ளைக்காரர்கள் 1840-களில் நட்டுவைத்த தோட்டம் இன்னும் இருக்கிறது என்பதைக் கேட்காமலே சொல்வார். காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மாப்பிள்ளை அழைப்பு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மண்டப வீட்டின் பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோட்டோகிராபர் அதையும் எடுத்து ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்.

கடையில் ஷீட்டைத் திருப்பச் சொல்லி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவார். வெறும் '710' என்று அச்சடித்திருந்தால் செல்லாது, சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். இதுவரை சரி, இது எல்லோரும் செய்ய வேண்டியதுதான். அதோடு நிற்காமல் ஷீட்டின் விளிம்பை முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று கடைக்காரருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மோந்து பார்த்தபின் கடைக்காரர் ஷீட்டுக்கு இருபது ரூபாய் குறைத்தார் என்பது மட்டும் வரலாறு.

எட்டுக்கு நாலு ஷீட் லிஃப்டுக்குள் நுழையாது. பத்தொன்பது எம்.எம். கனத்தில் ஒரு ஷீட் முப்பது கிலோவைத் தாண்டும். மாடிக்கு இவ்வளவு என்று பேசி, ஆள் வைத்து, படி வழியாக ஒன்பது மாடி ஏற்றினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் ஒரு கீறல். அசோசியேஷனில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ட்ரில் சத்தம் கூடாது, ஞாயிறன்று சுத்தமாகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியதே சார்தான், செகரட்டரியாக இருந்த காலத்தில். தன் வீட்டு வேலை நடந்தபோது 'ட்ரில்' என்ற சொல்லுக்குள் கட்டிங் மெஷின் அடங்காது என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நீண்ட விளக்கம் போட்டார். கீழ்வீட்டுப் பாட்டி பதிலுக்குக் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பினார். அது சம்மதமா சாபமா என்பது இன்றுவரை தீரவில்லை.

ஆசாரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். கீழே வேலை செய்யும் பையன்கள் ராஜஸ்தான். தாத்தா காலத்தில் வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினார்களாம். 1959-இல் ஃபெவிகால் வந்து அந்த நாற்றத்துக்கு ஒரு முடிவு கட்டியது. ஆசாரியின் பைக்குள் இன்னும் ஓர் இழைப்புளி கிடக்கிறது. ப்ளைவுட்டில் இழைக்க என்ன இருக்கிறது? "இது மரம் இல்ல சார், அட்டை" என்பார். அட்டையை அறுத்துத்தான் நாகர்கோவிலில் தேக்கு நிலை வைத்து வீடு கட்டியிருக்கிறார்.

ஆசாரிக்கும் சாருக்கும் நடுவில் இருந்த பந்தத்தை நூலில்தான் அளக்க வேண்டும். அங்குலத்துக்கு எட்டு நூல். "ரெண்டு நூல் இழுக்குது சார்" என்று ஆசாரி சொன்ன முதல் நாள் சார் விழித்தார். ஒரே வாரத்தில் சாரும் நூலில் பேசினார். படுக்கையறை மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் கீழே ஒட்டி நிற்கிறது, மேலே விரல் நுழைகிறது. எழுபது லட்சம் கொடுத்து வாங்கிய வீட்டில் ஒரு மூலையும் நேர்மூலை இல்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார்.

"என்ன ஆசாரி, அலமாரி சாஞ்சிருக்கே?"

"அலமாரி நேரா நிக்குது சார். சுவர்தான் பொய் சொல்லுது."

இடைவெளியில் ஒரு ரீப்பரைச் சீவி அடித்து, மேலே மைக்கா ஒட்டி, சுவரின் பொய்யை மூடினார்கள். மைக்கா ஒட்டுவதைப் பார்க்க வேண்டும். பலகை மீது ஃபெவிகாலைக் கொட்டி, மைக்காத் துண்டு ஒன்றாலேயே வழித்து வழித்துச் சீராகப் பரப்பி, ஷீட்டை மெல்லக் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்க பாரம். பெயின்ட் டப்பா, கிரானைட் துண்டு, மிச்ச டைல் பெட்டி என்று வீட்டில் கனமான எல்லாவற்றையும் அடுக்கியும் ஒரு மூலை மட்டும் எழும்பியது. ஆசாரி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை சார் மேல் நின்றது.

"ஒரு கால் மணி நேரம் இப்படி உக்காருங்க சார்."

சார் உட்கார்ந்தார். பேப்பரை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அந்த வேலை முழுவதிலும் அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று அவர் மனைவி சொல்வார்.

அந்த அம்மாளுக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். கிரைண்டரைக் குனிந்து தூக்காமல், இருந்த இடத்திலேயே மாவரைக்க ஓரிடம். சார் டிசைன் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மேஜிக் கார்னர், டால் யூனிட், கப் அண்ட் சாசர் பாஸ்கெட் எல்லாம் வாங்கித் தந்தார். அந்த வீட்டில் காபி டபராவில் குடிப்பார்கள். கோப்பைக்கும் சாசருக்கும் வளைத்து வளைத்துக் கம்பி வைத்த அந்த டிராயரில் இன்று கடுகு பாட்டிலும் வெந்தய பாட்டிலும் மல்லாந்து படுத்திருக்கின்றன. சாம்பார் கொதிக்கும் நேரத்தில் அவற்றைத் தூக்கி நிறுத்தித்தான் எது எது என்று பார்க்க வேண்டும்.

ஒருநாள் சார் உற்சாகத்தில் பிராங்ஃபர்ட் கிச்சனின் கதையைச் சொன்னார். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைப் பெண்மணி, பிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சுவரோடு பொருந்திய சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடம். சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்றெல்லாம் கணக்குப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் பாட்டி.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா கிரைண்டருக்கு எடம் விட்டாளா?" என்றார்.

கிரைண்டர் இப்போது பால்கனியில் இருக்கிறது, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஸ்டூலின் மேல். அந்த ஸ்டூல் அம்மாளின் பிறந்த வீட்டுச் சீர். வீட்டில் தட்டிப் பார்த்தால் உண்மையாகவே மரச் சத்தம் வரும் ஒரே பொருள். சார் அதைத் தட்டுவதில்லை.

வேலை தொண்ணூறு பர்சென்ட் முடிந்த நாளில் ஆசாரி வேறு வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு கைப்பிடி, ஒரு பீடிங், பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கொக்கி. ஃபோன் செய்தால் "நாளைக்கு முடிச்சிடலாம் சார்". அந்த நாளை வரவில்லை, சாரும் ஒன்றும் பெரிதாக வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி ஆசாரி வந்து முடித்துவிட்டால் அப்புறம் ஃபோன் செய்ய என்ன காரணம் இருக்கும்? இப்போதும் மாதம் ஒரு முறை பேசிக்கொள்கிறார்கள். கைப்பிடி பேச்சில் வருவதில்லை. ஆசாரி மகளின் ஸ்கூல் அட்மிஷன், சாரின் சர்க்கரை, செவன் டென் விலை ஏறியது என்று போகும்.

வீட்டுக்குப் போனால் டிராயர் காட்டுவார். லேசாக ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். அது தானே போய், கடைசி இரண்டு அங்குலத்தில் யோசித்து, சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். நாம் "அட" சொல்லும்வரை அடுத்த டிராயருக்கு நகரமாட்டார். அலமாரிக் கதவுகளில் மைக்காவோடு வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஓரங்களில் அழுக்கேறிச் சுருண்டு, வெளிர் நீல மைக்கா என்று தேடித்தேடி வாங்கியது வெளியிலிருந்து பார்க்க வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. "பிரிச்சா ஸ்க்ராட்ச் விழுந்துடும்." லாஃப்ட்டுக்குள் கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்கு முன்னால் மிச்ச ப்ளைவுட் துண்டுகள் அளவுவாரியாக நிற்கின்றன. நவராத்திரிக்குப் பொம்மை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றை இறக்க வேண்டும். இறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அது எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று ஒரு தலவரலாறு.

வாட்ச்மேன்தான் அவருடைய உளவாளி. "ஆறாவது மாடியில ப்ளைவுட் இறங்குது சார்" என்று ஒரு வார்த்தை போதும், மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுந்து போய்விடுவார். புது வீட்டுக்காரர்கள் முதலில் பயப்படுகிறார்கள், பிறகு நன்றி சொல்கிறார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: இரண்டு குடும்பங்களை அவர் போலி முத்திரை ஷீட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்.

போன மாதம் பெரும்பாக்கத்தில் மகள் ஃப்ளாட் வாங்கினாள். சார் டேப்போடு கிளம்பிப் போனால், மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு கம்பெனியில் ஆர்டர் கொடுத்து முடித்திருந்தார். ஃபேக்டரியிலேயே அறுத்து, ஓரம் ஒட்டி, துளை போட்டு, எண் ஒட்டிய அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது. சார் பெட்டியைப் பிரிக்கும் முன்னே தட்டினார். முகம் மாறியது.

"பார்ட்டிக்கிள் போர்டு, மாப்பிள்ளே."

"ஆமா மாமா. அஞ்சாறு வருஷத்துல எப்படியும் வேற வீடு மாறிடுவோம். அதுவரைக்கும் வந்தா போதும்."

அலமாரி முப்பது வருஷம் வர வேண்டாம் என்று ஒரு மனிதன் சொல்லிக் கேட்பது சாருக்கு அதுதான் முதல் தடவை. பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போனார். டிரில் டிரைவரோடு இரண்டு பையன்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, பெட்டிகளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டிருந்தார்கள். தூசி இல்லை, ஃபெவிகால் வாசனை இல்லை. சண்டை போட ஒரு மூலைகூட அகப்படவில்லை. அவரே கீழே போய் டீ வாங்கிவந்து கொடுத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க தம்பி?"

"நாளைக்கா? இன்னிக்கே முடிஞ்சிடும் அங்கிள்."

சார் சிங்க்கின் மேலே இருந்த மூலையை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அங்க ரெண்டு நூல் இழுக்குதே?"

பையன் காதிலிருந்ததைக் கழற்றினான். "அது எத்தனை எம்.எம். அங்கிள்?"

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்றேன், டீயைக் குடி. அங்குலத்துக்கு எட்டு நூல்..."