நினைத்தாலே பேசுமா கருவி?

லாஸ்பேட்டை வாசகர்: மனசில் நினைத்ததைக் கருவி பேசுமாமே, நிஜமா?

நிஜம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு குழறிப்போன ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயலும்போது எழும் நரம்புச் சமிக்ஞையைக் கணினி சொல்லாக்கி, நோய்க்கு முந்தைய அவருடைய குரலின் சாயலிலேயே படித்தது. நூற்றுக்கு 97 சொற்கள் சரி. ஆய்வு 2024-இல் வெளியானது. தன் வார்த்தைகள் முதன்முதலாகத் திரையில் சரியாக வந்ததும் மனிதர் அழுதுவிட்டார். அழாமல் என்ன செய்வார்?

உப்பளம் வாசகர்: ஸ்டீபன் ஹாக்கிங் பேசியதும் இப்படித்தானா?

இல்லை. அவர் பிற்காலத்தில் கன்னத் தசையை அசைத்துக் கணினியில் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரே ஒரு தசை!

முதலியார்பேட்டை வாசகி: நினைப்பதை எல்லாம் வெளியே கொட்டிவிடாதா?

நியாயமான பயம். கருவி முக்கியமாகப் பிடிப்பது, நாக்குக்கும் உதட்டுக்கும் மூளை போடும் உத்தரவை. ஆனால் மனசுக்குள் பேசிக்கொள்வதும் ஓரளவு சிக்கும் என்று 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு கண்டது. பூட்டும் அவர்களே போட்டார்கள்: குறிப்பிட்ட ஒரு சங்கேதத் தொடரை மனசுக்குள் சொன்னால்தான் கருவி வேலையைத் தொடங்கும். இந்தப் பூட்டு எல்லாக் கருவியிலும் கட்டாயமாக வேண்டும் என்பது என் கட்சி.

காலாப்பட்டு மாணவர்: தமிழில் எப்போது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஏ.ஜி. ராமகிருஷ்ணன், தமிழ் எழுத்தை வாசிக்கவும் உரக்கப் படிக்கவும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர். மனசுக்குள் சொல்லும் சொல்லை, அறுவை இல்லாமல், தலைக்கு மேலே மின்முனை வைத்துப் பதியும் ஈ.ஈ.ஜி. வழியே பிடிப்பது பற்றியும் ஆராய்ந்திருக்கிறார். மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் சமிக்ஞை மங்கிவிடும், அதுதான் சிக்கல். வருஷம் சொல்லி ஆசை காட்ட மாட்டேன்.

வில்லியனூர் வாசகி: அப்பாவுக்கு மூளைத்தண்டில் பக்கவாதம். கண் மட்டும்தான் அசைகிறது. சிப் வைக்க ஜிப்மரில் கேட்கலாமா?

சிப்புக்காகக் காத்திருக்காதீர்கள், அம்மா. மூளையில் பதித்துப் பேச்சை மீட்கும் கருவிகள் இன்னும் ஆய்வுச் சோதனையில்தான் இருக்கின்றன. பணம் கட்டினால் வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'அப்பா ஆமாம், இல்லை சொல்ல எது வழி?' என்பதைத்தான். இந்த நிலையில் பலருக்குக் கண்ணை மேலும் கீழும் அசைப்பது மிஞ்சும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே விதி.

பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் தொமினிக் போபி 1995-இல் இப்படித்தான் விழுந்தார். அசைந்தது இடது இமை ஒன்றே. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இமைத்து இமைத்தே ஒரு புத்தகம் சொல்லி முடித்தார். 1997-இல் அது வெளிவந்தது.

நமக்கு 247 எழுத்தாயிற்றே என்று மலைக்க வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் கிடைத்தால் உயிர்மெய்யை நாமே கூட்டிக்கொள்ளலாம். வரிசை பிரிக்கும் வேலையை இலக்கணமே முடித்து வைத்திருக்கிறது. ஓர் அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள்: குறில், நெடில், வல்லினம், மெல்லினம், இடையினம். வரியின் பெயரை நிதானமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். 'வல்லினம்' என்றதும் அப்பா மேலே பார்க்கிறார். க, ச, ட, த... மறுபடி மேலே பார்க்கிறார். அடுத்தது மெல்லினம்: ங, ஞ, ண. இப்போதே 'தண்ணியாப்பா?' என்று கேட்டுவிடலாம். கேட்காமல் நீங்களாக முடிவுகட்டக் கூடாது, அவ்வளவுதான். அட்டையில் உள்ள எந்த எழுத்தும் மிஞ்சிப்போனால் 11 அழைப்பில் வந்துவிடும். 'வலிக்குது', 'திருப்பிப் படுக்க வை', 'விசிறி' மாதிரி அன்றாடத் தேவைகளை அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

அவருக்கும் களைப்பு வரும். அட்டையை எடுக்கும்முன், 'இப்போ பேசலாமாப்பா?' என்று கேளுங்கள். கீழே பார்த்தால், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.