வெளியேற ஒரு பாஸ்

வன்னியை விட்டு வெளியேறுவது எப்படி என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒருகாலம் இயக்கத்திடம் பாஸ் எடுத்தேன். பாஸ் எடுக்க ஆள்பிணை வைத்தேன். நான் திரும்பி வராவிட்டால் பிணை நின்ற மச்சான் பதில் சொல்லவேணும். வவுனியாவில் போய் இறங்கினால் அங்கே தங்குவதற்கு இன்னொரு பாஸ், அது வேறு ஆட்களின் பாஸ். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது புளியங்குளத்தில் இயக்கத்தின் வரிசை, ஓமந்தையில் ஆமியின் வரிசை. இவ்வளவையும் கடந்து வந்தவன், இரண்டு கொம்பு முளைத்த ஒரு வெள்ளைப் பெட்டியிடம் மாட்டுப்பட்டு நின்றேன்.

கம்பனியின் பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் அவர்களின் இணைப்பில்தான் இருக்கிறான். இந்தக் கட்டுரையை அவன் வீட்டிலிருந்துதான் அனுப்பவேண்டும்.

உள்ளே போனது 2021 தொடக்கத்தில். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடங்கள் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலம். ஓ.எல். படிக்கும் மகள் சூம் வகுப்புக்காக போனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறி நிற்பாள். வட்டக்கச்சியில் சிக்னல் விழும் இடமும் மாடு மேயும் இடமும் ஒன்றுதான். நியூட்டனின் இரண்டாம் விதி வரும் நேரம் பார்த்து எருமை குறுக்கே வரும். அப்போதுதான் சந்தியில் குடை விரித்து மேசை போட்டிருந்த தம்பி கூப்பிட்டார். “சேர், ஐஞ்சு நிமிச வேலை.” உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். நாலு பக்கம், எறும்பு ஊர்ந்த எழுத்து. கையெழுத்து வைத்த பிறகு சொன்னார்: “24 மாசம் சேர், யோசிக்காதேங்கோ.”

பெட்டிக்கு வீடெல்லாம் இடம் தேடினோம். மூன்று கோடு விழுந்த ஒரே இடம் சாமித்தட்டு. பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தது ரவுட்டர். மூன்றாம் நாள் மாமி அதற்கும் திருநீறு பூசிப் பூ வைத்தா. “பச்சை லைற் எரியுது, என்னவோ சக்தி இருக்கு” என்றா. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். பச்சை லைற் அணைந்தது. “சாமி கோவிச்சிட்டார்” என்று மாமி விரதம் இருந்தா. கரண்டே இல்லாத வீட்டுக்கு மாதச் சந்தா மட்டும் விரதம் இல்லாமல் ஒழுங்காக வந்தது.

2021க்குரிய ஓ.எல். சோதனை 2022 மேயில்தான் நடந்தது. எழுதி முடித்த மகள் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே நின்று ஏ.எல். படிக்க. மிஞ்சியது நாங்கள் மூன்று கிழடுகள். செப்டெம்பர் 5ஆம் திகதி எல்லாக் கம்பனிகளும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு 20 சதவீதம் கட்டணம் கூட்டின. ஒப்பந்தம் என்னைத்தான் கட்டியிருக்கிறது, விலையைக் கட்டவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

“இன்னும் ஐஞ்சு மாசம், பொறுங்கோவன்” என்றா மனைவி. அவ கணக்கு ரீச்சர். நான் சரித்திரம் படிப்பித்தவன்; முற்றுகைக்குள் ஐந்து மாதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

போன் எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பத்து நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பிள்ளை சிங்களத்தில் வணக்கம் சொன்னது. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழிதான். அந்தச் செய்தி இரண்டாம் இலக்கத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் ஓமந்தையில் படித்த சிங்களம். ‘கொஹெத யன்னே’ என்றால் எங்கே போகிறாய். அதற்குரிய பதிலும் தெரியும். வெளியேறப்போகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல நினைத்து, “மம யனவா” என்றேன். நான் போறன். அந்தப் பிள்ளை நல்ல மரியாதையோடு போய்வரச் சொல்லிவிட்டு லைனை வெட்டிவிட்டது.

சந்திக்குப் போனேன். குடை நின்ற இடத்தில் ஒருவர் மாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். தம்பியைத் தேடிப் பிடித்தால், “சேர், பூட்டுறதுதான் எங்கட வேலை. கழட்டுறது யாழ்ப்பாணம்” என்றார். 60 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போனேன். அங்கே கம்பனிக் கிளையில் இருந்த தங்கச்சி கவலையோடு கேட்டா: “ஏன் ஐயா எங்களை விட்டுப் போறீங்கள்?” என் சொந்த மகள் போகும்போதுகூட நான் அப்படிக் கேட்கவில்லை. மீதி மாதக் காசை மொத்தமாகக் கட்டவேணும், அல்லது வீட்டில் சிக்னல் இல்லை என்று கிராம சேவகர், அதாவது ஜீ.எஸ்., தரும் கடிதம் வேணும் என்றா.

எங்கள் ஜீ.எஸ். என்னிடம் படித்தவர். “சேர், காணிக்குக் குடுத்திருக்கிறன், ஆள் உயிரோட இருக்கிறதுக்குக் குடுத்திருக்கிறன், சிக்னலுக்கு இதுதான் முதல்தரம்” என்றார். வீட்டுக்கு வந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். வேலை செய்யவில்லை. அப்படியே எழுதி முத்திரை குத்தினார். அதில் சார்ஜ் இறங்கியிருந்ததைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

கடிதத்தையும் நம்பாமல் இழுத்தடித்தபோது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அடிக்கப்போகிறேன் என்று சொன்னேன். அடிக்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான். முகாமையாளர் கதிரை தந்தார். “14 நாளுக்குள்ள ரவுட்டரைக் கொண்டுவாங்கோ ஐயா. வந்த பெட்டியோட.”

வந்த பெட்டி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி கோடிக்குள் இருக்கிறது. அதற்குள் வைக்கோல், அதற்குமேல் மாமியின் புள்ளிக்கோழி, அதற்குக் கீழே பதினொரு முட்டை. அடை வைத்து எட்டு நாள். “கையை வைச்சால் கூழ் ஆக்கிப்போடும்” என்று மாமி எச்சரித்தா. கூழ் ஆவது முட்டையா நானா என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துத் தங்கச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். “சிஸ்டத்தில கோழிக்கு இடம் இல்லை ஐயா” என்றா, சிரித்தபடி.

கணக்கு ரீச்சர் விரல் மடித்தா. கோழிக்கு 21 நாள். எட்டுப் போனால் பதின்மூன்று. கம்பனி தந்தது 14. “ஒரு நாள் இருக்கு, கத்தாதேங்கோ.”

பதின்மூன்றாம் நாள் விடிய ஒன்பது பொரித்தது. பதினான்காம் நாள் முதல் பஸ். என் மடியில் இருந்த பெட்டியின் மணத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் பளையோடு எழும்பி நின்றார். தங்கச்சி இரண்டு விரலால் வாங்கி, உள்ளே கிடந்த இறகை ஊதிவிட்டு, சேதம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினா. ரவுட்டரின் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. பற்றுச்சீட்டில் முத்திரை குத்திக் கையில் தந்தா.

அந்தப் பற்றுச்சீட்டைப் பழைய பாஸ்கள் கிடக்கும் பைக்குள் வைத்திருக்கிறேன். சாமித்தட்டில் நடு இடம் வெறுமையாக இருக்கிறது. மாமி இன்னும் அங்கே ஒரு பூ வைக்கிறா.