துரைக்குக் கஷ்டப் படி

வெளிநாட்டு ஆடைக் கம்பெனிக்காக ஆசியா முழுக்கச் சுற்றிச் சரக்குக் கொள்முதலை மேற்பார்க்கும் துரைக்குச் சம்பளம் போகக் கஷ்டப் படி என்று தனியாக ஒன்று உண்டு. டாக்காவின் போக்குவரத்து, கராச்சியின் வெக்கை, ராஜபாளையத்தின் காரம், இத்தனையையும் தாங்குவதற்கான நஷ்டஈடு. சிங்கப்பூரில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கம்பெனி செலவு. பாவம், கஷ்டம் யாரைத்தான் விட்டது.

துரை ராஜபாளையம் பக்கத்து நூல் மில்லைப் பார்க்க வருகிறார் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குக்கூட அத்தனை முஸ்தீபு நடக்காது. காகிதத்தில் அது 'முன்னறிவிப்பில்லாத சோதனை'. மதுரை விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவது மில்தான். கார் போவதற்குள் தீயணைப்பு சிலிண்டர்களின் தூசி துடைக்கப்படும். முதலுதவிப் பெட்டியின் சாவியைத் தேடி இரண்டு பேர் ஓடுவார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி பாவு பாவாக நெய்து போகிறது. இந்தப் பெட்டிக்குள் பாதி காய்ந்த டிங்சர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இருக்காது. அன்றைக்கு மட்டும் எல்லாப் பெண்களுக்கும் புது மாஸ்க். மற்ற நாட்களில் பஞ்சு அவர்கள் புருவத்திலும் நுரையீரலிலும் படியும். புருவத்தில் படிவதைத் துடைத்துக்கொள்ளலாம்.

முந்தைய ராத்திரி, பெண்கள் தங்கும் மில் விடுதியில் வார்டன் அக்கா பாடம் எடுப்பார். "எத்தனை மணி நேரம் வேலை?" "எட்டு மணி நேரம் சார்." "ஓவர்டைம்?" "விருப்பப்பட்டாத்தான் சார்." "வயசு?" "பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்." தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் துரை ஸ்பின்னிங் பக்கம் வந்து, கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைத் தன் விருப்பப்படி பொறுக்குவார், நேர்மைக்காக. ஹெச்.ஆர். ஆபீசர்தான் மொழிபெயர்ப்பாளர். "நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்தா ரெண்டு மணி நேரத்துல எழுப்பிடுறாங்க" என்று அந்தப் பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டால், இங்கே வந்த பிறகு சீக்கிரம் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் வந்திருப்பதாகத் துரைக்குச் சேதி போகும். துரை மகிழ்ந்து படிவத்தில் டிக் போடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது நமக்குக் கைவந்த கலை. ஆனால் தட்டில் உட்கார்ந்திருக்கும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சோறு பிரமாதம் என்று சொல்வதற்கு ஒரு ஆள் தேவைப்படுகிறதே, அதற்குத்தான் விமானச் சீட்டு.

மத்தியானத்துக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூர். 192 அடி ராஜகோபுரத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, பால்கோவா அரைக் கிலோ, சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் இருக்கிறதாமே என்று ஓர் ஆச்சரியம். அணிலுக்குச் சரணாலயம் உண்டு துரை, 1988 முதல் உண்டு. அதே கோபுரம் மில் விடுதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு, அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஊர் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். கேட் தாண்ட வார்டன் அனுமதி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி இதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்குக் குசும்பு அதிகம். இரண்டேமுக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் போனவளுக்கு அந்த மொத்தமும் இல்லை.

துரைகள் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி கோரல் மில்லும் மதுரை மில்லும் ஹார்வி துரைமார் கையில் இருந்தவை. 1908-இல் கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யைத் துணைக்கொண்டு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். சில நாட்களில் வ.உ.சி. கைதானார். மில் துரைமாருக்காகப் பசுமலையில் எழுப்பிய பங்களா இன்றைக்கு நட்சத்திர ஓட்டல். நம்முடைய துரையும் ராத்திரி அங்கேதான் தங்குகிறார். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, இனி நம்மூர் நூலை நம்மூர்க்காரனே நூற்பான் என்று ஊருக்கே பெருமை. பிறகு வந்த முதலாளிகளில் சிலர் ஹார்வியிடம் இருந்ததையெல்லாம் சுதேசியாக்கிக்கொண்டார்கள். ஞாயிறு விடுமுறையை மட்டும் தூத்துக்குடியிலேயே மறந்து வைத்துவிட்டார்கள்.

டிக் போடுவதால் யாருக்கு என்ன கெட்டது என்று கேட்கலாம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு 2012 ஆகஸ்டில் சர்வதேசத் தரச் சான்றிதழ் கொடுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னலில் கம்பி, வாசலில் பூட்டு. உள்ளேயே 250 பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். அடுத்த ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா சரிந்து 1,134 பேர். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த ஆலைகள் சிலவற்றிலும் ஆடிட் நடந்திருந்தது. விரிசலை முந்தைய நாளே பார்த்தவர்கள் தொழிலாளிகள்தான். அவர்களைத்தான் மிரட்டி உள்ளே அனுப்பினார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலையின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். அதுவரை அங்கே ஆடிட்டர்கள் வராமலா இருந்தார்கள்? டி.டி.சி.யு. என்ற பெண்கள் தலைமையிலான சங்கம் போராடி, 2022-இல் ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம்மோடும் ஒப்பந்தம் போட்டது. ஆலைக்குள் தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். முதல் வருஷத்தில் 185 புகார்கள் எழுந்தன, 182 தீர்க்கப்பட்டன. இந்த 185-இல் ஒன்றுகூட இத்தனை வருஷமாகத் துரையின் கண்ணில் படவில்லை. படி வாங்கிக்கொண்டு வந்து பார்த்த கண்.

அந்த ஒப்பந்தம் திண்டுக்கல் ஆலைகளோடு சரி. இங்கே விடுதியில் ஒருத்தி சங்கம் என்று வாயெடுத்தால் அன்று சாயங்காலமே அப்பாவுக்கு போன் போகும்: "ஒங்க பொண்ணு நடத்தை சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போயிருங்க." துரையின் படிவத்தில் சங்கம் சேரும் உரிமைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் டிக்தான்.